ஆன்மா என்றால் என்ன, கடவுளைத் தேடுவது யார்? சைவ சித்தாந்தம்: ஓர் எளிய அறிமுகம்

"ஆன்மாவும் கடவுளும் ஒன்றுதான். மாயை அதை மறைத்திருக்கிறது. மாயை விலகினால் நானே கடவுள்." ஆன்மிகப் பேச்சு எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் இந்த மூன்று வாக்கியங்களில் வந்து நிற்கிறது. பேசுகிறவர் நாள்தோறும் திருவாசகம் ஓதுபவராக இருப்பார், தேவாரத்தில் ஊறியவராகவும் இருப்பார். ஆனால் அந்தத் திருமுறைகளின் மேல் எழுந்த தமிழ்த் தத்துவமான சைவ சித்தாந்தம் இந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றைக்கூட அப்படியே ஏற்பதில்லை.

ஆதிசங்கரரின் அத்வைதம் அந்த வாக்கியங்களுக்கு நெருக்கமாகப் பேசுகிறது. அதற்கு அதன் சொந்த ஆழமும் தர்க்கமும் உண்டு. குறை சொல்வது என் நோக்கமல்ல. இரண்டையும் ஒன்றாகக் கலக்கி, எல்லாரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள் என்று கடந்துபோகும்போது, நம் மொழியில் பல நூற்றாண்டு காலம் செதுக்கப்பட்ட ஒரு சிந்தனை கண்ணுக்கு எதிரே காணாமல் போகிறது. அதுதான் வருத்தம். எனவே அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இதை முறைப்படுத்தித் தமிழில் தந்தவர் 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார். அவருடைய சிவஞானபோதத்தில் இருப்பவை 12 சூத்திரங்கள், மொத்தம் 40 அடிகள். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் அதை விரித்தார். அதே மரபில் வந்த உமாபதி சிவம், 100 குறட்பாக்களில் திருவருட்பயன் எழுதினார். இப்படிச் சேர்ந்த 14 நூல்களை மெய்கண்ட சாத்திரங்கள் என்கிறோம்.

மூன்று பொருள்கள்

சித்தாந்தத்தின் கணக்கில் என்றென்றும் இருப்பவை மூன்று. பதி என்பது இறைவன். பசு என்பது உயிர், அதாவது ஆன்மா. பாசம் என்பது உயிரைக் கட்டியிருக்கும் கட்டு.

இந்த மூன்றுக்கும் தொடக்கம் கிடையாது. "பதியினைப் போற்பசு பாசம் அனாதி" என்று திருமூலர் மெய்கண்டாருக்கு முன்பே சொல்லிவிட்டார். அனாதி என்றால் தொடக்கமில்லாதது. ஆக, கடவுள் உயிரைப் படைத்தார் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அவர் படைத்துத் தருவது உடம்பையும் உலகத்தையும்தான். உயிர் அவரைப் போலவே எப்போதும் இருக்கிறது. கிறித்தவமும் இஸ்லாமும் உயிர் இறைவனால் படைக்கப்பட்டது என்கின்றன. நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது பௌத்தம். சித்தாந்தம் இந்த இரு பக்கமும் சேராது.

உயிர்கள் பல, எண்ணிலடங்காதவை. கடவுள் ஒருவரே. உயிர் கடவுளின் துண்டும் அல்ல, நிழலும் அல்ல.

உயிர் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள் என்று மெய்கண்டார் விட்டுவிடவில்லை. மூன்றாம் சூத்திரத்தில் நான்கே அடிகளுக்குள் ஏழு காரணங்களை வைக்கிறார். இந்தச் சூத்திரத்தில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். எதையெல்லாம் ஆன்மா என்று நாம் தவறாக நினைத்துக்கொள்வோமோ அவை ஒவ்வொன்றையும் இது விலக்கிக்கொண்டே போகிறது.

உடம்பு ஆன்மா இல்லை, மனம் இல்லை, மூச்சு இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் 'அப்படியானால் ஒன்றுமே இல்லை' என்று ஒருவர் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படி 'இல்லை' என்று அறிந்து சொல்லும் அறிவு ஒன்று அங்கே இருக்கிறதே, அது எது? இது முதல் கேள்வி. அடுத்தது, 'என் உடம்பு' என்று சொல்கிறோம். என்னுடையது என்று சொல்லப்படும் பொருள் வேறு, சொல்கிறவர் வேறு.

மூன்றாவது புலன்களைப் பற்றியது. கண்ணுக்கு ஓசை தெரியாது. காதுக்கு நிறம் தெரியாது. ஆனாலும் 'இந்தக் குரலும் இந்த முகமும் ஒரே ஆளுடையவை' என்று நமக்குத் தெரிகிறது. இரண்டு புலன்களின் செய்தியையும் ஒரே இடத்தில் அறியும் ஒன்று இருந்தால்தான் இது நடக்கும். நான்காவது கனவு. புலன்கள் ஓய்ந்த பிறகும் கனவில் அனுபவம் நிகழ்கிறது, விழித்ததும் அது நினைவுக்கு வருகிறது. ஆக, விழிப்பிலும் கனவிலும் தொடர்ந்து வரும் அறிவு ஒன்று உண்டு.

சரி, மூச்சுதான் உயிர் என்றால்? ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு தடையின்றி ஓடுகிறது. நுகர்வும் இல்லை, செயலும் இல்லை. மூச்சே உயிராக இருந்தால் அப்போதும் இன்ப துன்பம் தெரிய வேண்டுமே? எனவே மூச்சும் விலகுகிறது. உடல் முழுவதும் சேர்ந்த தொகுதிதான் ஆன்மா என்பாரும் உண்டு. உடம்பு என்பது தனித்தனிப் பெயருள்ள பல கருவிகளால் ஆன பொறி, அதற்குள் இருந்து இயக்குவது வேறு என்பது அவர்களுக்கு விடை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று: "உணர்த்த உணர்தலின்". உயிர் பிறர் உணர்த்தினால்தான் உணர்கிறது. எழுத்திலிருந்து மொழி வரை யாரோ கற்பித்துத்தான் நமக்குத் தெரிகிறது. கடவுளோ யாரும் உணர்த்தாமல் தானே எல்லாவற்றையும் அறிபவர். அறிவதற்குத் துணை தேவைப்படும் ஒன்று, துணையே தேவைப்படாத ஒன்றாக இருக்க முடியாது. உயிர் கடவுள் அல்ல என்பதற்கு மெய்கண்டார் தரும் காரணம் இவ்வளவு எளிமையானது. உயிர் சிறியது, இழிந்தது என்று அவர் சொல்லவில்லை. அறியும் முறையில் இருக்கும் வேறுபாட்டைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

சுருக்கமாக: ஆன்மா என்பது உடம்பு, புலன், மூச்சு, மனம் ஆகிய எதுவும் அல்ல, கடவுளும் அல்ல. அது அறிவுள்ள பொருள். ஆனால் தனியே நின்று அறிய முடியாத பொருள்.

கண்ணைப் பாருங்கள்

அறிவு உண்டு, ஆனால் தனியே அறியாது என்பது முரணாகத் தோன்றலாம். கண்ணை வைத்து இதை விளக்குவது சித்தாந்த ஆசிரியர்களின் வழக்கம். அதையே நாமும் கடைசி வரை பிடித்துக்கொள்வோம்.

கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு. அந்த ஆற்றலை அதற்கு யாரும் வெளியிலிருந்து தரவில்லை. ஆனாலும் கும்மிருட்டில் அதனால் எதையும் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் நல்ல கண்ணுக்கும் பார்வையற்ற கண்ணுக்கும் வேறுபாடே தெரியாது. ஒளி வந்ததும் அதே கண் பார்க்கிறது. இருளோடு இருந்தால் இருளாகவும், ஒளியோடு இருந்தால் ஒளியாகவும் நிற்கும் பொருள் இது.

உயிரின் இயல்பும் இதுவே. எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெற்று நிற்கும். சித்தாந்தம் இதற்கு இட்ட பெயர் 'சார்ந்ததன் வண்ணமாதல்'. முழுத் தத்துவத்திலும் ஒரே ஒரு தொடரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். உயிர் ஏன் கட்டுண்டது, எப்படி விடுபடும், விடுபட்ட பின் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இதற்குள் இருக்கிறது.

மெய்கண்டார் இதை இன்னொரு விதமாகவும் சொல்கிறார். மாறாமல் நிலைத்திருக்கும் பேரறிவு சத்து. மாறிக்கொண்டே இருக்கும் அறிவற்ற பொருள் அசத்து. உயிர் இரண்டில் எதுவும் அல்ல. இரண்டையும் அறியக்கூடியதும், இரண்டையும் சாரக்கூடியதும் அது ஒன்றே. அதனால் சதசத்து என்று பெயர்.

இருள்: ஆணவம்

பாசம் என்ற கட்டில் மூன்று இழைகள் உண்டு: ஆணவம், கன்மம், மாயை. மும்மலம் என்று சொல்வது இவற்றைத்தான்.

இவற்றில் முதலும் மூலமும் ஆணவம். பேச்சு வழக்கில் நாம் ஆணவம் என்று சொல்லும் செருக்கு, இதன் வெளிப்பாடுகளில் ஒன்று மட்டுமே. சித்தாந்தம் சொல்லும் ஆணவம், தொடக்கமில்லாக் காலம் முதல் உயிரின் அறிவை மறைத்து நிற்கும் ஓர் ஆற்றல். கண்ணைச் சூழ்ந்த இருள் அது.

உமாபதி சிவம் இங்கே ஒரு குறளில் சொல்வதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை:

"ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும்
இருபொருளும் காட்டாது இது."

புற இருள் மற்றப் பொருள்களைக் காட்டாது; ஆனால் 'இருட்டாக இருக்கிறது' என்று தன்னையாவது காட்டும். ஆணவம் பொருள்களையும் காட்டாது, தன்னையும் காட்டாது. எனக்கு எல்லாம் தெரிகிறது என்று உறுதியாக நம்பிக்கொண்டிருக்கும்போதுதான் அதன் பிடி மிக இறுக்கமாக இருக்கும். தன் அறியாமையையே அறிய விடாத அறியாமை அது. அதனால்தான் உயிர் தன் முயற்சியால் மட்டும் இதிலிருந்து வெளியேற முடியாது என்று சித்தாந்தம் சொல்கிறது. வெளியேற வேண்டும் என்று தோன்றுவதற்கே யாரோ உதவ வேண்டும்.

இந்த இருளில் எந்தத் துணையும் இல்லாமல் உயிர் கிடக்கும் நிலைக்குக் கேவலம் என்று பெயர். அறிவு உண்டு, அறிதல் இல்லை. விருப்பமும் செயலும்கூட எழுவதில்லை.

விளக்கு: மாயை

அடுத்து மாயை. இங்கேதான் குழப்பம் மிக அதிகம்.

மாயை என்றால் பொய்த்தோற்றம், உலகம் கனவு மாதிரி என்று பலரும் புரிந்துவைத்திருக்கிறோம். சித்தாந்தத்தில் மாயை உள்ள பொருள். உடம்பு, மனம் முதலிய கருவிகள், நாம் வாழும் உலகம், நுகரும் பொருள்கள் எல்லாம் அதிலிருந்து ஆக்கப்படுபவை. உலகம் மாறும், ஒடுங்கும், மறுபடி தோன்றும். ஆனால் பொய் அல்ல.

அதைவிட முக்கியம், மாயை உயிருக்கு எதிரி அல்ல. இறைவன் அதிலிருந்து உடம்பை ஆக்கித் தருவதே இருளில் கிடக்கும் உயிருக்கு உதவத்தான். "விடிவாம் அளவும் விளக்கனைய மாயை" என்கிறார் உமாபதி சிவம். இருளில் தவிக்கும் கண்ணுக்கு விடியும் வரை ஒரு விளக்கு. விளக்கு சூரியன் ஆகாது, அதன் வெளிச்சத்தில் கொஞ்சம்தான் தெரியும். ஆனாலும் அது இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது. உடம்பைப் பழிக்கிறவர்களும் உலகத்தை வெறுக்கச் சொல்கிறவர்களும் இந்த அடியை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

விளக்கின் துணையோடு உயிர் அரைகுறையாக அறிந்தும், விரும்பியும், செயல்பட்டும் வாழும் நிலை சகலம். நீங்களும் நானும் இப்போது இருப்பது அதில்தான். இதில் ஒரு சிக்கலும் உண்டு. சார்ந்ததன் வண்ணமாகும் உயிர், உடம்பைச் சார்ந்ததும் உடம்பே நான் என்று நினைத்துக்கொள்கிறது.

கன்மம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது செயலும் அதன் விளைவும். பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். கன்மத்துக்கு அறிவு கிடையாது என்பதால் அது தானாக உரியவரைத் தேடி வந்து சேராது, இறைவன்தான் சேர்க்கிறார். தண்டிப்பது அவர் நோக்கமல்ல. நுகர்ந்து நுகர்ந்து உயிர் பக்குவப்பட வேண்டும் என்பதே.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: கண் உயிர், இருள் ஆணவம், விளக்கு மாயையில் ஆன உடம்பும் உலகமும். கேவலத்திலிருந்து சகலத்துக்கு உயிர் வந்ததே ஓர் உதவியால்தான்.

தேடல் எங்கிருந்து தொடங்குகிறது?

இனி விடியல். நான் கடவுளைத் தேடுகிறேன் என்கிறோம். சித்தாந்தம் இந்த வாக்கியத்தை முன்பின்னாகத் திருப்பிப் போடுகிறது. நாம் தேடத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே இறைவன் நம்மிடம் வேலை செய்துகொண்டிருக்கிறார். சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் "அவனருளாலே அவன்தாள் வணங்கி" என்கிறார். வணங்குவதற்கும் அவன் அருள் முன்னே வர வேண்டும்.

அப்படியானால் அவர் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? இறைவனுக்கு ஐந்து தொழில்கள்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நான்காவதைக் கவனியுங்கள். மறைத்தலும் அவர் செய்யும் தொழில்தான். திரோதானம் என்று அதற்குப் பெயர். பக்குவப்படாத உயிருக்கு உலகத்தைக் காட்டித் தன்னை மறைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். உலக அனுபவத்தில் முழுமையாக ஈடுபட்டால்தான் கன்மம் தீரும், ஆணவத்தின் வலு தளரும். எனவே மறைப்பதும் அருளே. கடவுள் ஏன் மௌனமாக இருக்கிறார் என்று மனம் நொந்து கேட்பவருக்கு இந்தத் தத்துவம் தரும் விடை இது. எல்லாருக்கும் இது ஆறுதலாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் நேருக்கு நேர் எடுத்துக்கொள்ளும் விடை என்று உறுதியாகச் சொல்வேன்.

பக்குவம் வருவதற்கு அடையாளங்கள் உண்டு. நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் பற்றில்லாமல் இரண்டையும் ஒன்றுபோலப் பார்க்கும் மனநிலை இருவினை ஒப்பு. புண்ணியமும் பாவமும் அளவில் சமமாகிவிடுவது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மாறுவது உயிரின் நோக்கு. ஆணவத்தின் மறைக்கும் வலு முதிர்ந்து தளர்வது மலபரிபாகம். அப்போது மறைத்து நின்ற அதே ஆற்றல் அருளாக வந்து பதிகிறது. அதற்குச் சத்திநிபாதம் என்று பெயர்.

அப்புறம் குரு வருகிறார். எட்டாம் சூத்திரத்தில் வேடர்களிடையே வளர்ந்து தன் குலத்தை மறந்த அரசிளங்குமரன் வருகிறான். நம் ஐந்து புலன்களே அந்த வேடர்கள். குமரனிடம் 'நீ எம் மகன்' என்று வந்து சொல்லும் அரசனைப் போல, இறைவனே குருவாக வந்து உணர்த்துகிறார். முன்னே பார்த்த "உணர்த்த உணர்தலின்" இங்கே முழுப் பொருள் பெறுகிறது.

உயிர் செய்யக்கூடியது எதுவும் இல்லையா? உண்டு. உடலால் தொண்டு செய்வது சரியை, வழிபாட்டு முறைகள் கிரியை, மனத்தை ஒருமுகப்படுத்துவது யோகம், உணர்ந்து நிற்பது ஞானம். அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகிய நால்வரையும் முறையே இந்த நான்கு நெறிகளுக்கும் காட்டாகச் சொல்வது மரபு.

அப்பரின் "என்னுளே தேடிக் கண்டுகொண்டேன்" என்ற வரியை எடுத்துக்கொண்டு 'பார், நானே கடவுள் என்கிறார்' என்று சொல்வோர் உண்டு. அவர் சொல்வது 'என்னுள்ளே' கண்டேன் என்று. தேடியவர் ஒருவர், கண்டது ஒருவரை. அந்த இருவர் இல்லாவிட்டால் அந்தப் பாட்டில் இருக்கும் காதலுக்கே இடமில்லை.

ஐந்தெழுத்தில் உயிரின் இடம்

திருவைந்தெழுத்தைச் 'சிவாயநம' என்று ஓதும் முறையில் சி சிவன், வ அருள், ய உயிர், ந திரோதம் (முன்பு பார்த்த மறைத்தல்), ம மலம். உயிருக்குரிய ய நடுவில் நிற்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் ந, ம. மறு பக்கம் சி, வ. "ஊன நடனம் ஒருபால் ஒருபாலாம் ஞானநடம் தான்நடுவே நாடு" என்கிறது திருவருட்பயன். ந, ம நிற்கும் பக்கம் ஊன நடனம், சி, வ நிற்கும் பக்கம் ஞான நடனம், நடுவே உயிர். உயிர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து வண்ணமாகும். இவ்வளவு பெரிய தத்துவத்தையும் ஐந்து எழுத்தின் வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள்.

விடிந்த பிறகு

சூரியன் எழுந்ததும் விளக்கு தேவையில்லை. இருள் எங்கே போனது? அழிந்துபோகவில்லை, ஒளியின் முன் அடங்கிவிட்டது. ஆணவமும் அப்படித்தான், என்றும் உள்ள பொருள் என்பதால் அழியாது, ஆனால் மறைக்கும் வலு இழந்துவிடுகிறது. இந்த நிலைக்குச் சுத்தம் என்று பெயர்.

அப்போது கண் என்ன ஆனது? சூரியனாக மாறிவிடவில்லை. கண்ணொளியும் சூரிய ஒளியும் பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்து பார்வை என்ற ஒன்று நிகழ்கிறது. பார்வை ஒன்று, பொருள் இரண்டு. கலப்பால் ஒன்றாகவும், பொருளால் வேறாகவும், உயிரோடு சேர்ந்தே அறிந்து நிற்பதால் உடனாகவும் இறைவன் இருக்கிறார். ஒன்றாய், வேறாய், உடனாய் என்று இதைச் சொல்வார்கள். சித்தாந்திகள் தங்கள் கொள்கையையும் அத்வைதம் என்றே அழைப்பது இந்தப் பொருளில்தான். முத்தியில் உயிர் காணாமல் போவதில்லை. பேரின்பத்தை நுகர ஒருவர் அங்கே வேண்டுமே!

இவ்வளவுக்கும் பிறகு சிவஞானபோதம் எங்கே முடிகிறது என்பது பலருக்குத் தெரியாது. உச்ச ஞானத்தை அடைந்து இன்னும் உடம்போடு வாழ்பவருக்கு 12ஆம் சூத்திரம் சொல்லும் வழி இது: மலத்தின் வாசனையைக் கழுவு, அடியார்களோடு கூடியிரு, அவர்கள் திருக்கோலத்தையும் கோயிலையும் சிவனென்றே வணங்கு. ஞானம் வந்தபின் கோயில் எதற்கு, கூட்டம் எதற்கு என்று மெய்கண்டார் சொல்லவில்லை. உடம்பு இருக்கும்வரை பழைய சார்பு திரும்ப எட்டிப்பார்க்கும். சார்ந்ததன் வண்ணமாகும் உயிருக்குச் சார நல்ல இடம் வேண்டும். அதற்காகத்தான் அடியார் கூட்டமும் ஆலயமும்.